இல்லாமையா, வேண்டாமையா? (உலக சினிமாவின் கதை – 27: ரோபர்ட்டோ ரோஸலினி)

சென்ற பகுதியில் முசோலினி ஆட்சியில் எழுந்த சினெசித்தா ஸ்டூடியோவையும், அங்கே வரிசையாகத் தயாரான ‘வெள்ளைத் தொலைபேசி’ப் படங்களையும் பார்த்தோம். பளபளக்கும் வரவேற்பறை, பட்டுடுத்திய நாயகி, கையில் வெள்ளை நிறத் தொலைபேசி என்று ஓடிய அந்தக் காலம் போரோடு முடிந்தது. 1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தன. அதன் பிறகு சினெசித்தாவின் படப்பிடிப்புத் தளங்களில் வீடிழந்த அகதிகள் குடியிருந்தார்கள். இத்தாலியின் வடபகுதியில் போர் இன்னும் ஓயவில்லை. அந்த நிலையில், 1945 ஜனவரியில், 38 வயது இயக்குநர் ஒருவர் ரோம் நகரத் தெருவில் படப்பிடிப்பைத் தொடங்கினார். படத்தின் பெயர் ‘ரோம், திறந்த நகரம்’. இயக்குநர் ரோபர்ட்டோ ரோஸலினி.

அதற்குப் பிறகு நடந்ததைச் சினிமா வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன. ஸ்டூடியோ கிடைக்கவில்லை, தெருவுக்கு வந்தார். நடிகர் கிடைக்கவில்லை, வழியில் போனவரை நிறுத்தி நடிக்க வைத்தார். பிலிம் கிடைக்கவில்லை, துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார். இப்படி இல்லாமையின் வயிற்றில் பிறந்ததுதான் நியோ ரியலிசம் என்னும் புதிய யதார்த்தவாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோஸலினியின் படங்களை 1941 முதல் 1977 வரை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பாதிதான் பொருந்துகிறது. கையில் பணம் வந்தபோதும், உலகின் முதல் வரிசை நடிகை தானாகத் தேடி வந்தபோதும் அவர் அதே வழியில்தான் போனார். அவருடையது இல்லாமையில் வந்த பாணியா, வேண்டாமென்று தள்ளியதில் வந்த பாணியா என்பதே இந்தப் பகுதியின் கேள்வி.

போருக்கு முந்திய ரோஸலினி

1906 மே 8 அன்று ரோமில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ரோஸலினி. தந்தை கட்டட ஒப்பந்தக்காரர். ரோமில் சினிமா அரங்கு கட்டியவர். அதனால் பையனுக்கு எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரும் சலுகை இருந்தது. குடும்பச் சொத்து கரைந்த பிறகுதான் சினிமா அவருக்குப் பிழைப்பாயிற்று. மீன்களையும் பிற உயிரினங்களையும் வைத்துச் சில குறும்படங்கள் எடுத்துப் பழகினார்.

முதல் முழுநீளப் படம் ‘வெள்ளைக் கப்பல்’ 1941இல் வந்தது. கடற்படையின் திரைப்படப் பிரிவுக்காக எடுக்கப்பட்ட பிரசாரப் படம் அது. அடுத்த ஆண்டு ‘ஒரு விமானி திரும்புகிறான்’. அதன் கதை சர்வாதிகாரியின் மகன் விட்டோரியோ முசோலினி புனைபெயரில் எழுதியது. திரைக்கதையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அந்தோனியோனி. மூன்றாவது படம் ரஷ்யப் போர்முனையில் பணிபுரியும் ஒரு பாதிரியாரைப் பற்றிய ‘சிலுவை ஏந்திய மனிதன்’ (1943). பாசிச எதிர்ப்புச் சினிமாவின் தந்தை என்று போற்றப்பட்டவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பாசிச அரசின் போர்ப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய எதிரிகள் அதைக் கடைசிவரை நினைவூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் கேள்விக்கு முக்கியமான செய்தி வேறொன்று. ‘வெள்ளைக் கப்பல்’ படத்தில் தொழில்முறை நடிகர்கள் கிடையாது. நிஜக் கடற்படை வீரர்களும் நிஜத் தாதியருமே நடித்தார்கள். மருத்துவக் கப்பலின் அன்றாட வேலைகள் ஓர் ஆவணப்படத்தின் பொறுமையோடு காட்டப்படுகின்றன. ஸ்டூடியோவும் நடிகர்களும் பிலிமும் அரசின் தயவில் தாராளமாகக் கிடைத்திருக்கக்கூடிய காலம் அது. அப்போதே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. கடற்படைத் திரைப்படப் பிரிவின் தலைவர் பிரான்செஸ்கோ தெ ரொபேர்த்திஸ் வகுத்த முறை அது. ரோஸலினி அதை அவரிடம் கற்றுக்கொண்டார். அந்த ஆட்சி விழுந்த பிறகும் முறையை மட்டும் தன்னோடு எடுத்து வந்தார்.

தெருவில் விழுந்த பீனா

ஜெர்மானியப் படையின் பிடியில் ரோம் இருந்தது ஒன்பது மாதம். அந்த மாதங்களில் நடந்தவைதான் ‘ரோம், திறந்த நகரம்’ படத்தின் கதைக்கு ஆதாரம். தலைமறைவுப் போராளிகளுக்கு உதவியதற்காக 1944 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியார் தோன் ஜுஸெப்பே மொரோஸினி, மார்ச் 24 அன்று அர்தியாத்தீனே குகைகளில் கொல்லப்பட்ட 335 பேரில் ஒருவரான பாதிரியார் தோன் பியெத்ரோ பப்பகால்லோ ஆகிய இருவரின் சாயலில் படத்தின் தோன் பியெத்ரோ உருவானார். சிறைபட்ட கணவனைப் பார்க்கப் படைமுகாம் வாசலுக்குப் போய், ஜெர்மானியனின் குண்டுக்குப் பலியான கர்ப்பிணிப் பெண் தெரேசா குல்லாச்சே, படத்தில் பீனா ஆனாள். செர்ஜியோ அமிதேயும், அப்போது பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் நகைச்சுவைத் துணுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஃபெதெரிகோ ஃபெலினியும் ரோஸலினியோடு சேர்ந்து திரைக்கதையை எழுதினார்கள்.

பணம் கடனிலும் சொந்தப் பொருட்களை விற்றதிலும் வந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒலிப்பதிவு இல்லாமலே படம் பிடித்து, வசனத்தைப் பிறகு டப்பிங் செய்தார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் ‘தெருப் புகைப்படக்காரர்களிடம் துண்டு துண்டாக வாங்கிய பிலிம்’ என்ற புகழ்பெற்ற கதை ஆட்டம் கண்டுவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மூல நெகட்டிவைச் செப்பனிட்டவர்கள், அதில் இருப்பவை மூன்றே வகைப் பிலிம்கள் என்று கண்டார்கள். வெளிப்புறக் காட்சிகளுக்கு ஃபெர்ரானியா, உட்புறத்துக்கு இரண்டு வகை ஆக்ஃபா. காட்சிக்குக் காட்சி வெளிச்சம் மாறித் தெரிவதற்குக் காரணம், அவசரத்தில் சரியாகக் கழுவாத பிலிம்.

நடிகர்கள் விஷயமும் அப்படியே. பீனாவாக நடித்த அன்னா மக்னானியும் பாதிரியாராக நடித்த ஆல்டோ ஃபாப்ரிட்ஸியும் மேடையிலும் திரையிலும் பெயர் பெற்றவர்கள். அதிலும் நகைச்சுவைக்கும் பாட்டுக்கும் பெயர் பெற்றவர்கள். கெஸ்டாபோ அலுவலகமும் பாதிரியாரின் அறையும் அவிஞோனேஸி தெருவிலிருந்த ஒரு காலிக் கூடத்தில் போட்ட செட்டுகள். கதையும் நல்லவர், கெட்டவர், துரோகி என்று தெளிவாகப் பிரிந்த உணர்ச்சிக் கதை. உள்ளதைச் சொன்னால், புதிய யதார்த்தவாதத்தின் கொடி என்று தூக்கப்பட்ட இந்தப் படம் ரோஸலினியின் படங்களிலேயே மரபான சினிமாவுக்கு மிக நெருக்கமானது.

அப்படியானால் புதுமை எங்கே? பீனா சாகும் காட்சியைப் பாருங்கள். அன்று காலை அவளுக்குத் திருமணம். விடிந்ததும் ஜெர்மானியர்கள் குடியிருப்பைச் சுற்றி வளைத்து ஆண்களை லாரியில் ஏற்றுகிறார்கள். மணமகன் பிரான்செஸ்கோவும் அதில் ஏற்றப்படுகிறான். பீனா காவலைத் திமிறிக்கொண்டு, அவன் பெயரைக் கூவியபடி லாரியின் பின்னால் ஓடுகிறாள். வெடிச்சத்தம். விழுகிறாள். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சுட்டவன் முகம் காட்டப்படவில்லை. சாகும் முன் வசனம் இல்லை. ‘இப்போது ஏதோ நடக்கப்போகிறது’ என்று நம்மைத் தயார்செய்யும் இசையும் இல்லை. படத்தின் நாயகி என்று நாம் நினைத்திருந்தவள் பாதிப் படத்தில் செத்துப்போகிறாள், படம் அவளை விட்டுவிட்டு மேலே போகிறது. ஆக்கிரமிப்பு நாட்களில் ரோமில் சாவு வந்த விதம் அதுதான். கதை வசதிக்காகச் சாவை ஒத்திப்போடவோ அழகுபடுத்தவோ ரோஸலினி மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்குப் பணம் தேவையில்லை, பணமின்மையும் காரணமில்லை.

1945 செப்டம்பரில் ரோமில் முதல் திரையிடல். இத்தாலியில் அந்தப் பருவத்தின் மிகப்பெரிய வசூல் படம் அதுதான். ரோமில் இருந்த ராட் கைகர் என்ற அமெரிக்கப் படைவீரர் படத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நியூயார்க்கில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 1946இல் கான் விழாவில் உயர்ந்த பரிசைப் பதினொரு படங்கள் பகிர்ந்துகொண்டன. ‘ரோம், திறந்த நகரம்’ அவற்றில் ஒன்று. அதே மேடையில் அதே பரிசைப் பெற்ற இன்னொரு படம் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’. கானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பெரும் பரிசு அது.

ஆறு துண்டுகள், ஒரு நாடு

வெற்றிக்குப் பிறகு வந்தது ‘பைஸா’ (1946). இப்போது அமெரிக்கப் பணமும் கைகர் கொண்டுவந்த பிலிமும் இருந்தன. முன்னைவிட வசதியான நிலை. ஆனால் ரோஸலினி முன்னைவிடவும் துணிந்து கைவிட்டார். நாயகன், நாயகி, தொடர்ச்சியான கதை எல்லாம் போயின. சிசிலி, நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், ஒரு மலைநாட்டு மடாலயம், போ ஆற்றின் கழிமுகம் என்று நேசப் படைகள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த வழியில் ஆறு தனிக் கதைகள். அமெரிக்கர் ஆங்கிலம் பேசுகிறார்கள், இத்தாலியர் தங்கள் வட்டார வழக்கைப் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் போவதுதான் பல கதைகளின் முடிச்சு.

நேப்பிள்ஸ் கதையில், குடித்துத் தள்ளாடும் கறுப்பின அமெரிக்கப் படைவீரனின் பூட்ஸை ஒரு தெருச்சிறுவன் திருடிவிடுகிறான். நீ தூங்கினால் பூட்ஸைத் திருடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் திருடுகிறான். பிறகு அவனைப் பிடித்த படைவீரன், உன் பெற்றோரிடம் கூட்டிப்போ என்று அதட்டி, அவன் வசிக்கும் இடத்துக்குப் போகிறான். அது குகை. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அடைந்து கிடக்கிறார்கள். சிறுவனுக்குப் பெற்றோர் இல்லை. படைவீரன் பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறான். அவன் மனதில் என்ன ஓடியது என்று படம் சொல்லவில்லை. நாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த கதை தொடங்கிவிடுகிறது.

கடைசிக் கதை போ கழிமுகத்தில். நாணலும் நீரும் வானமும் தவிர வேறொன்றும் இல்லாத வெளி. கேமரா படகில் தவழ்பவனின் கண் உயரத்திலேயே இருக்கிறது. எதிரி எங்கிருந்து வருவான் என்று படகில் இருப்பவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முந்திய இரவில் மீனும் களியும் தந்த குடும்பம் காலையில் செத்துக் கிடக்கிறது. நடுவில் நடந்தது காட்டப்படவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதபடி நிற்கிறது. பிடிபட்ட இத்தாலியப் போராளிகளின் கைகளைக் கட்டி, படகிலிருந்து ஒவ்வொருவராகத் தண்ணீரில் தள்ளுகிறார்கள். நீர் தெறிக்கும் ஒலி. இது நடந்தது 1944 குளிர்காலத்தில், இளவேனிலில் போர் முடிந்துவிட்டது என்று ஒரு குரல் சொல்கிறது. அவ்வளவுதான் படம்.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸான் இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுதினார். பிற இயக்குநர்கள் ஒரு கருத்தை நிறுவுவதற்காக ஷாட்டுகளை அடுக்குகிறார்கள், ரோஸலினி நிகழ்ச்சிகளை முழுசாக முன்னால் வைக்கிறார், அவற்றுக்கு இடையிலான தொடர்பை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய கணிப்பு ரோஸலினியின் மீதிப் படங்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

இந்த வரிசையில் மூன்றாவது படம் ‘ஜெர்மனி, பூஜ்ஜிய ஆண்டு’ 1947இல் பெர்லின் இடிபாடுகளுக்கு நடுவே எடுக்கப்பட்டது. நேற்றுவரை எதிரி நாடாக இருந்த ஜெர்மனியின் ஒரு சிறுவன் கதை. நோயுற்ற தந்தைக்கு நஞ்சு கொடுத்துவிட்டு, நகரத்தில் தன்னந்தனியாக அலைந்து, இறுதியில் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். முந்திய ஆண்டுதான் ரோஸலினி ஒன்பது வயது மகன் ரொமானோவை இழந்திருந்தார். படத்தை அவனுக்கே காணிக்கையாக்கினார். கடைசிப் பகுதியில் சிறுவன் வெறுமனே நடக்கிறான், கல்லை உதைக்கிறான், கோடு தாண்டி விளையாடப் பார்க்கிறான். ஏறத்தாழ வசனமே இல்லாத அந்த நடை, பின்னாளில் ஐரோப்பியச் சினிமாவில் தனியாக நடந்த எத்தனையோ பாத்திரங்களுக்கு முன்னோடி.

நட்சத்திரம் தேடி வந்தபோது

1948இல் ஹாலிவுட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ‘காஸாபிளாங்கா’வின் நாயகி இங்க்ரிட் பெர்க்மன். ரோஸலினியின் இரண்டு படங்களைப் பார்த்திருப்பதாகவும், தன்னைப் போன்ற ஒரு ஸ்வீடிஷ் நடிகை தேவைப்பட்டால் வரத் தயார் என்றும், தனக்குத் தெரிந்த இத்தாலியன் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற சொல் மட்டும்தான் என்றும் எழுதியிருந்தார். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. அதன் பிறகு நடந்ததை உலகப் பத்திரிகைகள் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தன. 1950 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அடுத்த மாதம் அமெரிக்க செனட்டில் கொலராடோ உறுப்பினர் எட்வின் ஜான்சன் எழுந்து இருவரையும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ஒரு நடிகையின் சொந்த வாழ்க்கை நாடாளுமன்றத்தில் விவாதப் பொருளானது.

வம்பைத் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். முதல் படம் ‘ஸ்ட்ராம்போலி’. தயாரிப்பில் ஹோவர்ட் ஹியூஸின் ஆர்.கே.ஓ. நிறுவனம் இருந்தது. உலகின் மிகப் பெரிய நட்சத்திரமும் ஹாலிவுட் பணமும் கையில். ரோஸலினி அவற்றை எடுத்துக்கொண்டு போனது சிசிலிக்கு வடக்கே, மின்சாரமே இல்லாத ஓர் எரிமலைத் தீவுக்கு. கணவனாக நடித்தவர் ஒரு மீனவர். மற்றவர்கள் தீவுவாசிகள். முழுத் திரைக்கதை கிடையாது. பேசத் தெரியாத மீனவர்களின் கால் விரலில் கயிறு கட்டி, வசனம் வரும்போது ரோஸலினி இழுப்பார் என்று பெர்க்மன் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். கயிறு அசைந்ததும் மீனவர் ஏதாவது பேச வேண்டும். எதிரே நிற்கும் ஹாலிவுட் நாயகி அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கதைப்படி அவள் அகதி முகாமிலிருந்து தப்பிக்கவே அந்த மீனவனை மணந்து, யாரும் தன்னை ஏற்காத தீவில் வந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரி. படப்பிடிப்பில் பெர்க்மனின் நிலையும் அதுவே. அவருடைய தவிப்பை நடிப்பாக வாங்காமல் உள்ளபடியே பதிவுசெய்தார் ரோஸலினி. மீனவர்கள் வலைக்குள் சூரை மீன்களை வளைத்து இழுக்கும் நீண்ட காட்சியில் அவர் வெறும் பார்வையாளர். தெறிக்கும் நீரில் நனைந்து முகம் சுளிக்கிறார். அந்த முகச்சுளிப்பு நிஜம். படத்தின் இறுதியில் எரிமலை மேல் தனியாக நின்று கடவுளைக் கூவி அழைக்கிறாள் அவள். திரும்பிப் போவாளா, தப்பிப்பாளா என்று படம் சொல்லாது. ஆர்.கே.ஓ.வுக்கு இது பொறுக்கவில்லை. படத்தைச் சுருக்கி, அவள் மனம் மாறிவிட்டாள் என்று பொருள்படப் பின்னணிக் குரல் ஒட்டி அமெரிக்காவில் வெளியிட்டது.

அதே சமயத்தில் அவருடைய வேறொரு படம் அமெரிக்கச் சட்டத்தையே மாற்றியது. மக்னானி நடித்த ‘அற்புதம்’ என்ற நாற்பது நிமிடக் கதையில், தன் வயிற்றில் வளர்வது தெய்வக் குழந்தை என்று நம்பும் ஒரு பேதைப் பெண் வருகிறாள். அவளை ஏமாற்றும் நாடோடியாக நடித்தவர் ஃபெலினி. மத நிந்தனை என்று நியூயார்க்கில் படத்துக்குத் தடை விதித்தார்கள். விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். திரைப்படம் வெறும் வியாபாரம், கருத்துரிமை அதற்குப் பொருந்தாது என்று 1915இல் சொன்ன அதே நீதிமன்றம், 1952இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டுச் சினிமாவுக்கும் கருத்துரிமை உண்டு என்றது.

பெர்க்மனோடு எடுத்தவற்றில் உச்சம் ‘இத்தாலியில் ஒரு பயணம்’ (1954). கசந்துபோன ஓர் ஆங்கிலேயத் தம்பதி, சித்தப்பா விட்டுச்சென்ற வீட்டை விற்க நேப்பிள்ஸ் வருகிறார்கள். அவள் அருங்காட்சியகம், கந்தகப் புகை எழும் நிலம், மண்டையோடுகள் அடுக்கிய நிலவறை என்று சுற்றுகிறாள். கணவன் காப்ரி தீவுக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கிறான். சம்பவம் என்று சொல்லும்படி எதுவும் நடப்பதில்லை. கணவனாக நடித்த ஜார்ஜ் சாண்டர்ஸுக்கு அன்றைய வசனம் அன்றுதான் கைக்கு வரும். ஹாலிவுட்டின் ஒழுங்குக்குப் பழகிய அவர் எரிச்சலில் வெந்தார். அந்த எரிச்சல் அப்படியே கணவன் பாத்திரத்தின் முகத்தில் உட்கார்ந்துகொண்டது. விவாகரத்து என்று முடிவான பிறகு இருவரையும் பொம்பெய்க்குக் கூட்டிப்போகிறார்கள். சாம்பலில் புதைந்தவர்களின் உடல் மட்கிப்போய் மண்ணுக்குள் ஏற்பட்ட வெற்றிடத்தில் சுண்ணச் சாந்து ஊற்றி, பிறகு மண்ணை விலக்குகிறார்கள். மெல்ல மெல்ல ஒரு கை, ஒரு கால், ஒரு தலை. அருகருகே படுத்த நிலையில் செத்த ஓர் ஆணும் பெண்ணும். பெர்க்மன் பார்க்க முடியாமல் அழுதபடி விலகி ஓடுகிறார். அந்த அழுகைக்கு முன்னால் எந்த வசனமும் அவளுடைய திருமணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

படம் ஓடவில்லை. இத்தாலிய விமர்சகர்கள் பலர், தெருவையும் தொழிலாளியையும் கைவிட்டுப் பணக்காரர்களின் மனக்குழப்பத்துக்குப் போய்விட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். பாரிஸில் நடந்தது வேறு. ‘கையே து சினிமா’ பத்திரிகையின் இளம் விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். 1955இல் ஜாக் ரிவெத் ‘ரோஸலினி பற்றி ஒரு கடிதம்’ என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். ஃபிரான்சுவா த்ரூஃபோ அவரிடம் உதவியாளராகவே சேர்ந்தார். திட்டங்கள் பல இருந்தன, அந்தக் காலத்தில் ஒரு படமும் உருவாகவில்லை. ஆனாலும் ஒரு காரும் இரண்டு மனிதர்களும் இருந்தால் படம் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தத் தலைமுறை இங்கிருந்துதான் பெற்றது. பிரெஞ்சுப் புதிய அலையைப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

இந்தியாவில்

1956 டிசம்பரில் ரோஸலினி பம்பாய் வந்து இறங்கினார். பிரதமர் நேருவின் ஆதரவு அவருக்கு இருந்தது. இந்தியப் பத்திரிகைகளுக்கு மட்டும் விரைவிலேயே வேறு தீனி கிடைத்துவிட்டது. ஆவணப்பட இயக்குநர் ஹரிசாதன் தாஸ்குப்தாவின் மனைவி சோனாலியோடு ஏற்பட்ட உறவும், அவர் ரோஸலினியைத் தேடி ஐரோப்பா போனதும் மாதக்கணக்கில் தலைப்புச் செய்தி ஆயின. பெர்க்மனோடான திருமணமும் அத்தோடு முடிந்தது. இன்றும் நம் நாட்டில் ரோஸலினி பேரைச் சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த விவகாரம்தான்.

மறக்கப்பட்டது படம். ‘இந்தியா: மாத்ரு பூமி’ 1959இல் கானில் திரையிடப்பட்டது. மைசூர்ப் பகுதிக் காராப்பூர்க் காட்டில் யானைப்பாகன் ஒருவனின் திருமணம், ஹிராகுட் அணை கட்டி முடிந்ததும் வேறிடம் போக வேண்டிய ஒரு தொழிலாளியின் கடைசி நாள், தன் காட்டுப் புலியைக் காப்பாற்ற நினைக்கும் முதியவர், வெயிலில் எஜமானன் இறந்துபோக அனாதையாகும் வித்தைக்காரக் குரங்கு என நான்கு கதைகள். ‘பைஸா’வின் அதே அமைப்பு. மகாராஜா, பாம்பாட்டி, சாமியார் என்று அன்றைய வெளிநாட்டுக் கேமராக்கள் தேடிய எதையும் அவர் பெரிதாகத் தேடவில்லை. அணைத் தொழிலாளி, தான் பங்கெடுத்துக் கட்டிய இடங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறான். புதிய இந்தியாவின் பெருமையும் அதைக் கட்டியவனின் வேரற்ற நிலையும் ஒரே காட்சியில் இருக்கின்றன. இதே பயணத்தில் எடுத்தவற்றை வைத்து இத்தாலியத் தொலைக்காட்சிக்குப் பத்துப் பகுதிகள் கொண்ட தொடர் ஒன்றும் தயாரித்தார். பம்பாயிலிருந்து கேரளத்துக் காயல்கள் வரை அதில் வருகின்றன. தொலைக்காட்சியோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு இங்கிருந்து தொடங்குகிறது.

வெற்றியை விட்டு நடந்தவர்

நம் கேள்விக்குத் தெளிவான விடை 1959இல் கிடைக்கிறது. கடன் தொல்லையில் இருந்த ரோஸலினி, ‘ஜெனரல் தெல்லா ரோவெரே’ என்ற படத்தை ஒப்புக்கொண்டார். ஜெர்மானியர்களுக்காக ஜெனரல் வேடம் போட்டுச் சிறைக்குள் வேவு பார்க்கப் போகும் மோசடிக்காரன், கடைசியில் அந்த வேடத்துக்கே உண்மையாகிச் சாகிறான். ஸ்டூடியோ செட், உறுதியான திரைக்கதை, நாயகனாக விட்டோரியோ டி சிகா. வெனிஸில் தங்கச் சிங்கப் பரிசை மரியோ மொனிச்செல்லியின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. நன்றாகவும் ஓடியது. ‘பழைய ரோஸலினி திரும்பிவிட்டார்’ என்று விமர்சகர்கள் மகிழ்ந்தார்கள். அவருக்கு அந்தப் படத்தின் மேல் பெரிய மதிப்பு இருக்கவில்லை. மரபான முறையில் வெற்றிப் படம் எடுக்கத் தன்னால் முடியும் என்று காட்டிவிட்டு, சில ஆண்டுகளில் சினிமா செத்துவிட்டது என்று பகிரங்கமாக அறிவித்துத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்.

தொலைக்காட்சியில் அவர் எடுத்துக்கொண்ட வேலை வரலாற்றுப் பாடம். இரும்பின் கதை, அப்போஸ்தலர் பணிகள், சாக்ரடீஸ், பாஸ்கல், அகஸ்டின், மெடிசி குடும்பம், டெகார்ட் என்று பத்தாண்டுக்கு மேல் அதே வேலை. இவற்றில் சில அலுப்பூட்டும். பாத்திரங்கள் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசுவார்கள். ஆனால் 1966இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘பதினான்காம் லூயி ஆட்சியைக் கைப்பற்றியது’ ஒரு சாதனை. மன்னனாக நடித்தவர் ழான் மரி பாத், அலுவலகக் குமாஸ்தா. வசனம் மனப்பாடம் ஆகவில்லை. பலகையில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பேசும்போது எதிரே நிற்பவரைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறான் இந்த மன்னன். அதுவே அவனை யாரும் நெருங்க முடியாதவனாக்கிவிட்டது. பிரபுக்களை ஆடம்பர உடையிலும் விருந்துச் சடங்கிலும் மூழ்கடித்து, கடனாளியாக்கி, அரண்மனைக்கு அடிமைப்படுத்தும் லூயியின் தந்திரம், உடை அளவெடுப்பதிலும் உணவு பரிமாறுவதிலும் படிப்படியாகக் காட்டப்படுகிறது. போர் இல்லை, சூழ்ச்சி வசனம் இல்லை. அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் படங்களில் இதற்கு நிகரானவை குறைவு.

கருவிகளிலும் அவர் எளிமையை நோக்கியே போனார். பான்சினோர் ஜூம் லென்ஸுக்குத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்த்துக்கொண்டு, காட்சி நடக்கும்போதே தானே நெருங்குவதும் விலகுவதும் செய்வார். ஒரே ஷாட்டில் முழுக் காட்சியும் முடிந்துவிடும். பெரிய கோட்டை வேண்டுமென்றால் கண்ணாடியில் பிரதிபலிக்கும் படத்தையோ மாதிரி வடிவத்தையோ வைத்துச் சமாளித்துவிடுவார்.

1977 மே மாதம் கான் விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்த ஆண்டு தங்கப் பனை, தவியானி சகோதரர்களின் ‘பாத்ரே பத்ரோனே’வுக்குப் போனது. இத்தாலியத் தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். ரோமுக்குத் திரும்பிய சில நாட்களில், ஜூன் 3 அன்று, மாரடைப்பால் ரோஸலினி காலமானார். வயது 71.

ஆக, இல்லாமை அவருக்கு ஒரு தொடக்கச் சூழல் மட்டும்தான். 1945இல் பிலிமும் மின்சாரமும் குறைவாக இருந்தன என்பதைக் கொண்டு ‘பைஸா’வை விளக்க முடியாது, ‘ஸ்ட்ராம்போலி’யைச் சுத்தமாக விளக்க முடியாது. பார்வையாளரின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக வேண்டாமென்று விட்டார். முதலில் நாயகனை, பிறகு கதையை, பிறகு நட்சத்திரத்தின் நடிப்பை, கடைசியில் திரையரங்கையே. ஒவ்வொரு முறை விட்டபோதும் ரசிகர் கூட்டம் ஒன்று அவரை விட்டுப் போயிற்று. அவர் திரும்பி அழைக்கவில்லை. குறைந்த செலவில் படம் எடுக்க முனையும் இளைஞர்கள் ரோஸலினியை முன்னுதாரணமாகச் சொல்வதுண்டு. அவரிடமிருந்து கற்க வேண்டியது சிக்கனத்தை அல்ல. பணம் இருந்தாலும் எதைச் செய்யமாட்டேன் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதை.

ரோஸலினியைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் ‘பைஸா’வில் தொடங்கி, ‘இத்தாலியில் ஒரு பயணம்’ பார்த்துவிட்டு, பிறகு ‘ரோம், திறந்த நகர’த்துக்கு வருவது நல்லது. அடுத்த இதழில், ஜெனரல் தெல்லா ரோவெரேயாக நடித்த அதே டி சிகா, இயக்குநராக 1948இல் தந்த ‘சைக்கிள் திருடர்கள்’. 1950இல் லண்டனில் அதைப் பார்த்த சத்யஜித் ராய், தானும் படம் எடுப்பதென்று முடிவுசெய்துகொண்டு ஊர் திரும்பிய கதையையும் சேர்த்துப் பார்ப்போம்.